முதல் ஷிப்டு

கோல் அருகே இரண்டு தலைகள் மோதிக்கொண்டன. விழுந்த வேம்புலியை பி.டி. மாஸ்டர் சாதுல்லா கோட்டுக்கு வெளியே தூக்கி வந்தார். போன வருஷம் அடிபட்டதை மறைத்து ஆடிய மாணவன் ஒருவன் மைதானத்திலேயே மயங்கி விழுந்தான். அதிலிருந்து, தலையில் அடிபட்டவனை அவர் ஒரு கேள்வி கேட்பார். தப்பாகச் சொன்னால் ஆட்டத்தில் இல்லை. கம்பெனிகள் நிறைந்த பாடிப் பகுதியில் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சரியாகச் சொல்லும் கேள்விதான் அது.

“உங்க நைனாவுக்கு இன்னிக்கு இன்னா ஷிப்டு?”

“முதல் ஷிப்டு சார். ஆறு மணிக்கே கம்பெனிக்குப் பூட்டாரு.”

சாதுல்லா குழம்பினார். மணி பத்து. வேம்புலியின் அப்பா துலுக்கானம் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு, புளியமரத்தடியில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“அங்க நிக்கிறது யாரு?”

வேம்புலி ஒரு தடவை பார்த்தான். “தெரியல சார்.”

“பெத்த அப்பனையே தெரியலையா? நீ ஆடினது போதும்டா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.”

“செமி பைனல் சார். நான் ஆடணும்.”

“முடியாது.” துலுக்கானத்தைக் கூப்பிட சாதுல்லா கையைத் தூக்கினார்.

வேம்புலி அந்தக் கையைப் பிடித்து இழுத்தான். “கூப்டாதீங்க சார். என் தலை நல்லாத்தான் கீது. நைனாவுக்கு வேலை போயி மூணு வாரம் ஆவுது. ஊட்ல சொல்லாம, ஷிப்டுக்குப் போற மாதிரி தெனம் தூக்கை எடுத்துகினு கிளம்புறாரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது சார்.”

சாதுல்லா கையை இறக்கினார்.

“ஸ்கோர் இன்னா?”

“நாம ஒண்ணு, அவனுங்க ரெண்டு.”

சரியாகத்தான் சொன்னான்.

“உள்ள போ. புளியமரத்துப் பக்கம் பந்து வெளிய போச்சுன்னா, வேற எவனாவது போய் எடுக்கட்டும்.”