நான்காவது ஆள்

தீவில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று காற்றை முகர்ந்தே சொல்லும் கருவி, அன்று காலை மனிதர் நான்கு என்று காட்டியது. இருப்பதோ மூன்று பேர்: ஆய்வு செய்யும் பேராசிரியர் குழல்வாய்மொழி, தீவின் காவலர் சவரிமுத்து, அவர் மனைவி பிலோமினாள்.

"எவனோ திருட்டுத்தனமா சங்கு எடுக்க வந்திருக்கான் மேடம்" என்று சவரிமுத்து கம்போடு கிளம்பினார். தீவைச் சுற்றிவிட்டு மதியம்தான் திரும்பினார். "ஒரு காலடித் தடம்கூட இல்ல."

அதற்குள் பேராசிரியர் மரபணு விவரத்தைப் பார்த்துவிட்டிருந்தார். நான்காவது ஆளில் பாதி சவரிமுத்து, பாதி பிலோமினாள்.

"பிலோமி, நாள் தள்ளிப் போயிருக்கா?"

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "பன்னெண்டு நாளாச்சு. பதினோரு வருசமா எத்தனையோ தடவ ஏமாந்தாச்சு மேடம். அதான் வாயத் தொறக்கல."

சவரிமுத்து கம்பைப் போட்டுவிட்டு மனைவி பக்கத்தில் வந்து நின்றார். "அப்ப இவள இன்னைக்கே படகுல ஏத்தணுமா? கடல் கெடக்குற கெடைக்கு?"

வெளியிலிருந்து தீவுக்குப் புதிதாக எந்த உயிர் வந்தாலும் அன்றே அப்புறப்படுத்த வேண்டும் என்பது விதி. அதை எழுதியவரே குழல்வாய்மொழிதான். பிலோமினாள் ஆசையாகக் கொண்டுவந்த மல்லிகைச் செடியை, அவள் கண்ணெதிரே பிடுங்கி எரித்தவர். ஒரு நாளும் பொய்யாக எதையும் பதியாதவர்.

நான்காவது உயிர் எங்கிருந்து வந்தது என்று கருவி கேட்டது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதிந்தார்:

'இந்தத் தீவிலேயே தோன்றியது. உலகில் வேறெங்கும் இல்லை.'