காப்பிப் பழம் தின்ற செவலை

மலைச்சரிவில் மேய்ந்த செவலை என்ற வெள்ளாட்டை, "குட்டி போட்டு இப்படிப் பெருத்துட்டியேடி, பாறை தாங்குமா?" என்று மந்தையே கேலி செய்தது. காப்பிப் பழம் தின்றால் உடம்பு இளைக்கும் என்று கேள்விப்பட்டு, செவலை ஒன்றைத் தின்றது. பசி போன இடம் தெரியவில்லை. கால்கள் தாமாகத் துள்ளின. உடம்பும் இளைத்தது. மந்தை மெச்சியது.

போகப் போக ஒன்று போதவில்லை. கொத்துக் கொத்தாகத் தின்றும் பசி அடங்கவில்லை. தின்னாவிட்டாலோ எழுந்து நிற்கவே முடியவில்லை.

"விட்டுடுக்கா, எலும்பா நிக்கிறே" என்றது தங்கை ஆடு.

"அன்னிக்கு நீயும்தானே சிரிச்சே?"



குட்டி வந்து மடியை முட்டி முட்டிப் பார்த்தது. பால் சுரக்கவில்லை. அது காப்பிச் செடியை அண்ணாந்து பார்த்துக் கேட்டது:

"இதைத் தின்னா எனக்கும் பசிக்காதாம்மா?"