நாற்பதாம் பக்கம்

மருத்துவமனைக் கணினி அறையின் மேஜைமேல் மத்தியான வெயில் விழுகிறது. எதற்குச் சந்தா கட்டலாம் என்று பார்க்கத் தருவித்த இரண்டு கணினிப் பத்திரிகைகள் அங்கே கிடக்கின்றன. கட்டற்ற மென்பொருளைக் கரைத்துக் குடித்த கணினி நிர்வாகி, தொடக்கநிலையினருக்கானதை அப்போதே ஒதுக்கிவிட்டாள். இனிமேலா அவள் அ, ஆ படிப்பாள்? அனுபவசாலிகளுக்கானதில், நாற்பதாம் பக்கத்தில், அவள் விரல் நிற்கிறது. 'தினமும் காப்புப் பிரதி எடுக்கிறீர்கள். ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்களா?' நேற்றைய பிரதியைத் திறக்கிறாள். காலி. போன மாதத்தது, போன வருஷத்தது, எல்லாமே காலி. எப்போதோ கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றியவள், பிரதி எடுக்கத் தான் எழுதிய நிரலில் அதைச் சொல்ல மறந்திருக்கிறாள். அதுவும் வெற்று இடத்தையே நாள் தவறாமல் நகலெடுத்து, 'வெற்றி' என்று பச்சையில் எழுதி வைத்திருக்கிறது. அத்தனை நோயாளிகளின் விவரமும் மூலையில் முனகும் ஒற்றைப் பழைய கணினிப் பெட்டிக்குள்தான். "அக்கா, ரெண்டுல எதுக்குச் சந்தா கட்டலாம்? படிவத்தை அனுப்பணும்," என்கிறாள் வாசலில் நிற்கும் எழுத்தர். "கொஞ்சம் பேசாம இரும்மா," என்று கையை உயர்த்துகிறாள் நிர்வாகி. முனகலுக்கு நடுவே 'டக்' என்று ஒரு சத்தம், விவரங்களைச் சேமித்திருக்கும் வட்டு தேய்ந்துபோனால் வருகிற சத்தம். மூச்சை அடக்கிக்கொள்கிறாள். மறுபடியும், 'டக்'.