புனிதம் கொண்டுவந்த மோட்டர்

ஏசி நின்றுபோனது தெரிந்தால் பக்கத்து வீட்டுப் புனிதம் வெடி கொளுத்தாத குறையாகச் சந்தோசப்படுவா என்றுதான் ஞானப்பிரகாசத்தார் நினைத்தார்.

நினைக்கக் காரணம் இருந்தது. ஏசியின் வெளி மெசின் புனிதத்தின் வேலியைப் பார்த்துத்தான் ஊதும். "ஞானண்ணையின்ரை மெசின் விடுற அனல்லை என்ரை முருங்கை கருகுது சுவாமி" என்று பாஸ்காக் காலத்தில் பங்குச் சுவாமி வரைக்கும் போய்விட்டா. இவரும் சும்மா இருக்கவில்லை. அவ காயவைத்து விற்கிற கருவாடு நாறுகிறது என்று சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிவைத்தார்.

மாரி தொடங்கியதும் புனிதத்தின் வாய் அடங்கிவிட்டது. நுளம்புக் கடிக்குப் பயந்து மழையிலும் ஏசி போட்டுப் படுக்கிற மனிதர், அந்தோனியார் தன் மன்றாட்டைக் கேட்டுவிட்டார் என்று மெழுகுதிரி கொளுத்தினார்.

இப்போது நத்தார்ப் பண்டிகைக்கு மகள் கலிஸ்ரா கனடாவிலிருந்து புருசனோடு வருகிற திங்கட்கிழமை வரப்போகிறாள். "எங்கட வீட்டிலை ஏசி இருக்கு, மருமகன் பயப்பிடாமல் வரலாம்" என்று போனில் அளந்தும் விட்டார். மெசினோ மூச்சுக் காட்டவில்லை.

திருத்த வந்த றொமேஸ் வெளி மெசினைக் கழற்றிப் பார்த்தான்.

"ஐயா, காத்தாடி மோட்டர் இறுகிப்போச்சு. எல்லாம் உப்புக்காத்து செய்யிற வேலை. பழைய மொடலுக்குச் சாமான் எடுக்கேலாது, புதுசு வாங்குங்கோ."

"போன வருசம் கொம்பிறசர் மாத்தினனான். அதுக்கு முதல் வருசம் போர்ட். இதிலை பழசெண்டு சொல்ல மூடி மட்டும்தான் மிச்சம். இப்ப புதுசு வாங்கட்டாம்!"

வேலிக்கு மேலால் புனிதத்தின் தலை எழும்பியது.

"என்னண்ணை, நிண்டிட்டுதோ?"

"ஓம். போய் வெடியைக் கொளுத்தன்."

"உந்த மோட்டரைத் தாங்கோ இங்கை. தண்ணீரூற்றிலை என்ரை மச்சான் பழைய ஏசி உடைச்சுச் சாமான் விக்கிறவன்."

இறுகிய மோட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் பஸ் ஏறித் தண்ணீரூற்றுக்குப் போய்விட்டா. பின்னேரம் நனைந்த கோழி மாதிரித் திரும்பி வந்தா. பைக்குள் அதே அளவில் வேறொரு மோட்டர். றொமேஸ் பூட்டினான். மெசின் ஊதியது.

"எவ்வளவு தங்கச்சி?"

"அயலுக்குள்ளை காசு கதைக்கிறதே அண்ணை?"

ஞானப்பிரகாசத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசோதகரிடம் போனதை நினைக்க வெட்கமாக இருந்தது. ஓடிப்போய்ச் சுவாமியிடம் சொன்னார். சுவாமி ஞாயிறு பிரசங்கத்தில், "பகைவரை நேசிப்பது எப்படி என்று புனிதத்திடம் படியுங்கள்" என்றார். புனிதம் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டா. என்ன ஒரு தாழ்ச்சி என்று இவர் உருகினார்.

அடுத்த நாள் காலை, வந்து இறங்கிய மகள் நெத்தலிக் கருவாட்டுப் பொரியலைக் கடித்தபடி கேட்டாள்.

"அப்பா, இது புனிதமாமி தந்தது. இந்த மழைக்குள்ளை எப்பிடி இப்பிடிக் காய்ஞ்சது?"

ஞானப்பிரகாசத்தார் எழும்பிப் போய் வேலியை எட்டிப் பார்த்தார்.

வெளி மெசினுக்கு நேரே, தறப்பாளுக்குக் கீழே, தட்டுத் தட்டாக நெத்தலி. கயிற்றில் பாரைகள் அனல்காற்றில் ஆடின. ஊரில் ஒருவருக்கும் கருவாடு காயாத மாரியில், புனிதத்தின் வளவுக்குள் மட்டும் கோடை.

"எடி புனிதம்! இதுக்குத்தானோ மோட்டர்?"

"பின்னை என்னண்ணை? எல்லாம் நத்தாருக்கு ஆக்கள் சொல்லிவைச்ச கருவாடு. மெசின் நிண்டிருந்தா அவ்வளவும் புழுத்து, என்ரை பிள்ளையளுக்கு நத்தாரே இல்லை."

சுவாமியிடம் போவதா, பரிசோதகரிடம் போவதா என்று அவருக்குக் கோபத்தில் பிடிபடவில்லை. புனிதம் ஒரு பாரையை அமுக்கிப் பார்த்தா.

"இது இன்னும் காயேல்லை. கலிஸ்ரா கனடாவுக்குக் கொண்டுபோகக் கேட்டவள்."

ஞானப்பிரகாசத்தார் உள்ளே போய், வெளி மெசின் நன்றாக அனல் ஊதட்டும் என்று ஏசியைப் பதினாறில் வைத்தார்.

கனடாக் குளிருக்குத் தப்பி ஓடிவந்த மருமகன் அன்றைக்கு மத்தியானமே போர்வை கேட்டார்.