சூளை மூடியிருக்கும் வரை

சூளைக்குள் வைப்பதற்காகச் சாடியைக் கையில் எடுத்தபோதுதான் அவன் அதில் வரைந்திருந்த அரசனைப் பார்த்தான்.

மூக்கு நேராக இருந்தது.

தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது எப்போதும்போல் அகலமாகத்தான் இருந்தது.

ஏதென்ஸ் நகரத்துக் குயவர் தெருவில் களிமண் மிதிப்பதும் சூளை எரிப்பதும் அவன் வேலை. எத்தியோப்பியாவில் பிடிபட்டு, இங்கே கொண்டுவந்து விற்கப்பட்டவன். இந்த முறை ஓவியன் அவனுக்கு இன்னொரு வேலையும் வைத்தான். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். பழங்கதைப் போரில் திராய் நகரத்துக்குத் துணையாகப் படை திரட்டி வந்த எத்தியோப்பிய அரசனை வரையப் போகிறானாம். அந்தப் போர்க்களத்தில் அந்த அரசனைப்போல் அழகன் இல்லை என்று பாடுகிறார்கள்.

தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. நின்றான். ராஜா என்றால் சும்மாவா.

தான் ராஜாவாக நிற்பதை மனைவி மெலித்தாவிடம் சொன்னான். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். பிறகு, சூளை பிரிக்கிற அன்று தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். எதையும் பார்க்க வருகிறவள் இல்லை அவள்.

இப்போது கையிலிருந்த சாடியில் அரசனின் உடம்பு பூச்சில்லாமல் வெறும் மண்ணாக விடப்பட்டிருந்தது. வெந்தால் சிவக்கும். இங்கே எல்லா வீரர்களும் அப்படித்தான்.

அதே சாடியில் அவனும் இருந்தான்.

அரசனின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அகன்ற மூக்கு, தடித்த உதடு, சுருட்டை முடி, உடம்பெல்லாம் கறுப்புப் பூச்சு. ஒரு குறை சொல்ல முடியாது. அச்சு அசல் அவனேதான்.

ராஜாவுக்கு ஏன் தன் முகம் இல்லை என்று ஓவியனிடம் கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"வாங்குறவன் அவனை ராஜான்னு நம்பணும்ல."

ஓவியன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஏளனமாகவும் சொல்லவில்லை. இருந்த தெம்பும் அதில் போய்விட்டது.

சாடிகளை அடுக்கினான். தீ மூட்டினான். சூடு ஏறியதும் பச்சை விறகைத் திணித்து, புகைத்துளையை ஓட்டால் அடைத்தான்.

இனி உள்ளே புகைதான். அதில் எல்லாம் கறுத்துவிடும். குதிரை, ஈட்டி, ராஜா, ராஜாவின் மூக்கு.

துளையைத் திறந்து காற்று விட்டால்தான் மண் மறுபடி சிவக்கும், பூச்சு மட்டும் கறுப்பாக நிற்கும். திறக்காமல் விட்டால் சூளை முழுக்கக் கரிச்சட்டி. முதலாளியின் சவுக்கு அவன் முதுகில்.

ஓட்டின் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினான். இத்தனை நாளும் நின்றது இப்போதுதான் முழங்காலில் தெரிந்தது.

போதும், திற என்று ஓவியன் முற்றத்திலிருந்து குரல் கொடுத்தான்.

அவனுக்கு நன்றாகவே கேட்டது.

நாளைக்கு மெலித்தா வருவாள்.

உள்ளே இந்நேரம் ராஜாவும் குதிரைக்காரனும் ஒரே நிறம்.

ஓட்டின்மேல் கையை வைத்தான். சுட்டது.

கையை எடுக்கவில்லை.

ஓட்டையும் எடுக்கவில்லை.