பொடி எழுத்து

அ+ என்ற பொத்தானை அமுக்கினாள். பதிவில் ஓர் எழுத்தும் அசையவில்லை. ஓரத்தில் கிடந்த தேதி மட்டும் பூசணிக்காயாக ஊதியது.

சனியனே, உன்னை யார் வளரச் சொன்னது?

எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நிரலை மறுபடி மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒரு பெயர் தப்பாக இருந்தது. மாற்றினாள். அமுக்கினாள்.

இந்த முறை எழுத்து வளர்ந்தது. ஆனால் வரிகளுக்கு நடுவே இடம் போதவில்லை. கீழ்வரி எழுத்துகளின் சுழிகள் மேல்வரியின் கால்களில் போய்ச் சிக்கின. அதையும் சரிசெய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இதே வேலை. துவைத்த துணி மெஷினிலேயே கிடந்து வாடை எடுத்துக்கொண்டிருந்தது.

கிடக்கட்டும்.

பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுவதையெல்லாம் எழுதும் வலைப்பூ அவளுடையது. 'வழிப்போக்கி' என்று புனைபெயர். படிப்பவர்கள் சொற்பம். அந்தச் சொற்பத்தில் ஒருவருக்காகத்தான் இந்தப் பொத்தான்.

போன வாரம் அவர் பின்னூட்டம் போட்டிருந்தார்.

"தங்கள் நடை அருமை. ஆனால் எழுத்து மிகப் பொடி. எனக்கு இரு கண்ணிலும் புரை. கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்க ஏதேனும் வசதி செய்தால் புண்ணியமாகப் போகும். இப்படிக்கு, புலவர் க. மாசிலாமணி, தமிழாசிரியர் (ஓய்வு), சேரங்குளம்."

கடைசி பெஞ்ச்.

அதை அவர் வாயாலேயே சொல்கிறார், பாருங்கள்.

அந்தப் பெஞ்சில் அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்ததே அவர்தான்.

அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரி வந்திருந்தார். கரும்பலகையில் சார் தன் கையாலேயே, கோலம் போட்ட மாதிரி, 'தங்கள் வருகைக்கு நன்றி' என்று எழுதியிருந்தார். அவளைக் கை காட்டி, எழுந்து வாசி என்றார். அவளுக்கு அங்கே தெரிந்ததெல்லாம் வெள்ளைப் புகை. கண்ணைச் சுருக்கினாள். கண்ணுக்கு என்ன தெரிந்ததோ அதை வாசித்தாள்.

"தங்கள் வருகைக்கு... பன்றி."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். அதுதான் சாருக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி சொன்ன? இன்னொரு தடவை வாசி!"

இன்னொரு தடவையும் அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

திமிர் என்றார். பிரம்பு முறிந்தது. மறுநாளிலிருந்து கடைசி பெஞ்ச். அங்கிருந்து பார்த்தால் புகைகூடத் தெரியவில்லை. பன்றி என்பது பிள்ளைகள் வாயில் பன்னியாகி, பள்ளிக்கூடம் முடியும்வரை அவள் பெயராகவே நின்றது. இவள் மண்டையில் ஒன்றும் ஏறாது என்று வீட்டிலும் முடிவுகட்டினார்கள். பத்தாம் வகுப்பில் கண் முகாம் போட்டபோதுதான் டாக்டரம்மா கேட்டார், "இத்தனை வருஷமா போர்டை எப்படிம்மா பார்த்த?"

எங்கே பார்த்தாள்? அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பின்னூட்டத்தைப் படித்ததும், எழுத்தை இன்னும் சிறிதாக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எறும்பளவுக்கு. கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சாகட்டும் மனுஷன்.

பிறகு, சீ, இதெல்லாம் ஒரு பழியா என்று நினைத்தாள். தெரியாமல் போனால் அவருக்கு என்ன நஷ்டம்? தெரிய வேண்டும். நன்றாகத் தெரிய வேண்டும்.

புரை விழுந்த கண் என்றதும் மனம் ஒரு நொடி இளகத்தான் செய்தது. பாவம் என்று வந்த சொல்லை வாயிலேயே மென்று விழுங்கினாள். கடைசி பெஞ்சில் கிடந்த அந்தப் பிள்ளையைப் பாவம் என்று யார் சொன்னார்கள்?

மடிக்கணினியை அறையின் மறுகோடியில் வைத்தாள். தன் தடித்த கண்ணாடியைக் கழற்றினாள். சாதாரண அளவில் ப எது, ந எது என்று தெரியவில்லை. எழுந்துபோய் அ+ அமுக்கிவிட்டு வந்து நின்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம். மறுபடி அமுக்கினாள். இப்போது இரண்டும் தனித்தனியாக நின்றன.

போதும்.

புதிய பதிவு தயாராக இருந்தது. அதிகாரி வந்த நாள், பிரம்பு, பெஞ்ச், கண் முகாம், எல்லாம். சாரின் பெயரும் ஊரும் உட்பட. தலைப்பு ஒரே சொல். அதையும் பொடியாகவே விட்டாள்.

வெளியிட்டாள். அவருடைய பின்னூட்டத்துக்குக் கீழே, "ஐயா, நீங்கள் கேட்ட வசதி செய்தாயிற்று. புதிய பதிவே உங்களுக்காகத்தான்" என்று எழுதினாள்.

துணியை மறுபடி அலசி உலர்த்திவிட்டு வந்தாள். பதில் வந்திருந்தது.

"அம்மணி, பொத்தானைக் கண்டேன். ஒரு கிழவன் கேட்டதற்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறீர்கள். நான்தான் நன்றி சொல்ல வேண்டும். நீங்களோ பதிவுக்கே 'நன்றி' என்று தலைப்பு வைத்துவிட்டீர்கள். கண் கலங்கிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து, பெரிதாக்கி, முழுவதும் படிக்கிறேன்."

தலைப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சந்தேகமே இல்லை. ப-தான்.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

இதுவரை அவரை ஐயா என்றுதான் எழுதிவந்தாள். இந்த முறை மாற்றினாள்.

"சார், அ+ அமுக்கிட்டு இன்னொரு தடவை வாசிங்க."