இரண்டு கதவுகளுக்கு நடுவில்

வெளிக்கதவு முழுதாகச் சாத்திக்கொண்டால்தான் உள்கதவு திறக்கும்.

நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். கை கழுவும் தொட்டி, முகக்கவசப் பெட்டி, உள்ளே பார்க்க ஒரு கண்ணாடி. ஜன்னல் கிடையாது.

டாக்டர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். கிருமியை எதிர்க்க வேண்டிய ரத்த அணுக்களில் பிறவியிலேயே குறை. மற்றப் பிள்ளைகள் தும்மித் தள்ளிவிட்டுப் போகிற விஷயம் அவனைச் சாய்த்துவிடும். கட்டிலோரம் அவன் அம்மா, கதவையே பார்த்தபடி.

குறை அவளிடமிருந்து வந்ததா என்று பார்க்கத்தான் காலையில் அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

"என் வழியாத்தான் வந்துச்சுன்னா, தங்கச்சிகிட்ட இப்போதைக்குச் சொல்ல வேணாம் டாக்டர். முழுகாம இருக்கா. ஒடஞ்சு போயிடுவா" என்று அப்போதே கேட்டுக்கொண்டாள்.

"இதுல உங்க தப்பு எதுவும் இல்லம்மா. ஆனா தெரிஞ்சப்புறம் மறைக்கக் கூடாது. சொல்லித்தான் ஆகணும்" என்றார் டாக்டர். முன்கூட்டியே தெரிந்தால் பிறந்த அன்றைக்கே குழந்தையைக் காப்பாற்றத் தொடங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இத்தனை வருட ஆராய்ச்சியில் எத்தனையோ அம்மாக்களிடம் சொன்ன வாக்கியம். நாக்குக்குப் பழகிப்போயிருந்தது.

சற்று முன்புதான் ஆய்வுக்கூடத்தில் முடிவு வந்தது. நோயில்லாதவர் ரத்தத்துக்குத் திரையில் ஒரே மேடு விழும். குறையைச் சுமந்து மகனுக்குக் கொடுக்கிற பெண்ணுக்கு இரண்டு. பையனின் அம்மாவுக்கு இரண்டு விழுந்தது. எதிர்பார்த்ததுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, நோயில்லாதவர் குழாய்க்கும் இரண்டு விழுந்தது.

வழக்கமாக அந்தக் குழாய்க்கு டெக்னீஷியன்தான் கையை நீட்டுவார். இன்று அவருக்குச் சளி. வேறு யாரோ கொடுத்த ரத்தத்தை நர்ஸ் கொண்டுவந்து வைத்திருந்தாள். குழாய் மாறிவிட்டதோ என்று டெக்னீஷியன் மறுபடி ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் இரண்டு.

"ஒப்புக்குச் சப்பாணியா வந்தவங்க வசமா மாட்டிக்கிட்டாங்க மேடம். யாரு அந்தப் புண்ணியவதி? நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க."

டாக்டர் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

கோட்டுப் பையில் ஃபோன் அதிர்ந்தது. மகள். ஏழாம் மாதம், இன்று ஸ்கேனுக்குப் போயிருந்தாள். அடித்து ஓயட்டும் என்று விட்டார்.

முதுகுக்குப் பின்னால் வெளிக்கதவு மெல்ல வந்து முழுதாகச் சாத்திக்கொண்டது. உள்கதவின் மேல் பச்சை விளக்கு எரிந்தது. பையனின் அம்மா எழுந்து நின்றாள்.

உள்ளே போகிற எவரும் முழங்கைக்கு மேல்வரை கழுவ வேண்டும். அவரே போட்ட விதி. அமைச்சர் வந்தபோதுகூட விட்டுக்கொடுக்கவில்லை.

டாக்டர் கோட்டுக் கையைச் சுருட்டி ஏற்றினார். தொட்டிக் குழாயைத் திறந்தார்.

முழங்கை மடிப்பில் காலையில் ஒட்டிய பஞ்சு நனைந்து தொங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் அந்த அம்மா அதைப் பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பி, அதே இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள்.

ஃபோன் மறுபடியும் அடித்தது. இரண்டு கையும் ஈரம்.